கவனத்துக்கும் முறை வைக்கணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வருவார்கள், பத்தாவது பன்னிரண்டாவது பிள்ளைகளும் வருவார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று பேசுவார்கள். பேச்சு மழையில் தொடங்கினாலும் உர விலையில் தொடங்கினாலும், "மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது சார்" என்பதில் வந்து முடியும். அவர்கள் கேட்டதையே கேட்கிறார்கள், நான் சொன்னதையே சொல்கிறேன். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் மருத்துவன் இல்லை, உளவியல் பட்டமும் கிடையாது. படித்தது, பார்த்தது, பட்டது மூன்றும் கலந்து இதில் இருக்கிறது.

கவனம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதா?

கல்லணையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வருகிற தண்ணீர் ஒன்றுதான். அங்கே அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதில் கடைமடைக்காரன் பிழைப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் திறந்துவைத்தால் எல்லா வாய்க்காலும் நனையும், எந்த வயலும் நிரம்பாது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத்தான் விடுவார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அப்புறம் அந்த ஆற்றுக்கு. கவனமும் அப்படித்தான் என்பது என் கட்சி. கையில் இருப்பதைக் கூட்டுவதற்கு வழி அதிகமில்லை. வேண்டாத மடையை மூடிவைப்பதற்கு வழி நிறைய இருக்கிறது.

அந்த மூடல் எவ்வளவு முழுமையாக நடக்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சின்ன வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் சிலர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள். எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் சாவகாசமாக நடந்து போவார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தக் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை. கண்ணுக்கு நேரே போனதுதான். நினைப்பு பந்தில் இருந்தது.

பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குச் சரி. அன்றாட வாழ்க்கைக்கு இது அவ்வளவு அவசியமா?

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தோம். முளைகட்டிய விதையைத் தெளித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா வெளியூர் போயிருந்தார். "மேட்டுப் பாத்தி காஞ்சிருந்தா கொஞ்சம் தண்ணி காட்டிட்டு உடனே வடிச்சிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சாயங்காலம் போய் மடையைத் திறந்தேன். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு நண்பன் போன் செய்தான், கிரிக்கெட் விஷயம். வரப்பில் நின்று பேசியவன் பேசிக்கொண்டே சாலைக்கு வந்தேன். சாலையிலிருந்து டீக்கடை. அங்கிருந்து வீடு.

ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த சத்தத்தில்தான் மடை ஞாபகம் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. விதையெல்லாம் மிதந்து, தெற்கு மூலையில் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தது. கையால் அள்ளிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

மறுநாள் அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. "விதை நெல்லு இன்னும் இருக்கா பாரு" என்று அம்மாவிடம் மட்டும் கேட்டார். மறுபடி விதைத்து, நடவு பன்னிரண்டு நாள் தள்ளிப்போய், அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். எங்கள் நெல் அதைத் தாண்டியிருந்தது. சாலையில் கொட்டிக் காயவைத்து, மேகம் கறுத்தால் வாரிக் கட்டி, மறுபடி கொட்டி என்று ஒன்பது நாள் போயிற்று. யாருடைய குற்றமும் இல்லை, என்னுடையதுதான்.

இதனால்தான் 'அன்றாட வாழ்க்கைக்கு அவசியமா' என்று கேட்டால் எனக்கு நாற்றங்கால் ஞாபகம் வருகிறது. கவனப் பிசகுக்கு உடனே தண்டனை கிடைத்தால் எல்லோரும் திருந்திவிடுவோம். பெரும்பாலும் அது நான்கு மாதம் கழித்து, வேறு வேஷத்தில் வரும்.

மற்றவர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படி அலைபாய்கிறதோ?

இல்லை. 2010-இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேளைகெட்ட வேளையில் போனில் கேள்வி அனுப்பிப் பார்த்தார்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், நினைப்பு அதில் இருக்கிறதா? கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம் நினைப்பு வேறெங்கோ இருந்தது. கிட்டத்தட்டப் பாதி. அதனால் படிக்கும்போது மனம் பராக்குப் பார்க்கப் போனால் பதற வேண்டாம். போனது தெரிந்ததும் திரும்பிக் கூட்டிவந்தால் போதும். 'ஐயோ மறுபடி போய்விட்டதே' என்று தன்னைத் திட்டிக்கொண்டிருப்பது இன்னொரு பராக்கு.

ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்ப்பது திறமைதானே? ஒரே அமர்வில் நூறு விஷயத்தைக் கவனிக்கிற சதாவதானிகளே நம் ஊரில் இருந்திருக்கிறார்களே!

இந்தக் கேள்வியை ஒரு தமிழாசிரியர் கேட்டார், மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியது உண்மை. ஆனால் அவதானம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் கிழமை கேட்பார். பெரும்பாலும் ஒருவர் பின் ஒருவராக, சுற்றுச் சுற்றாகத்தான் வரும். அவதானி ஒவ்வொருவரிடமும் அந்தந்த நேரம் முழுசாக இருந்துவிட்டு, விட்ட இடத்தைப் பிசகாமல் நினைவில் வைத்திருப்பார். அது முறை வைத்த பாசனம். நாம் செய்வது எல்லா மதகையும் திறந்துவிட்டுக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது.

வேலை மாறும்போது என்ன ஆகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். முதல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டாவதற்குப் போனால், முதல் வேலையின் நினைப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. இரண்டாவது வேலை அந்த அளவுக்குப் பலவீனமாகிறது. அவர் இதற்கு வைத்த பெயரைக் 'கவன எச்சம்' என்று சொல்லலாம். ரசம் வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் பால் காய்ச்சுவது மாதிரி.

அதற்கு ஒரு வைத்தியமும் பின்னால் வந்த ஆய்வில் இருக்கிறது. எழுந்து போகும் முன் 'எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யணும்' என்று ஒரு வரி எழுதி வைப்பது. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் எந்த ஆய்வும் படிக்காமல் இதைச் செய்கிறார். மாதக் கணக்குக் கூட்டும்போது யாராவது சரக்குக் கேட்டு வந்தால், கூட்டிய இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு எழுந்து போவார்.

அப்படியென்றால் அடுப்படியில் நாங்கள் ஒரே நேரத்தில் சோறு, குழம்பு, பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவது எல்லாம் செய்கிறோமே, அது என்ன கணக்கு?

அது பழக்கத்தின் கணக்கு. இருபது வருஷமாகச் செய்த கைக்கு உப்பின் அளவு தெரியும், மூக்குக்குக் கடுகு பொரிந்தது தெரியும், காதுக்குக் குக்கர் விசில் தெரியும். நினைப்பு தேவைப்படுவது கொஞ்சம்தான், அதனால் நான்கும் ஓடுகிறது. அதே அம்மா முதன்முதலாக ஒரு கேக் செய்து பார்க்கும்போது டிவியை நிறுத்தச் சொல்வார். பழகிய கச்சேரியில் தாளம் போடும் கைக்கும் இதே கதைதான், ஆதி தாளத்தை எண்ணிக்கொண்டா போடுகிறார்கள்?

ஆனால் ஒன்று. விசில் எண்ணிக்கையும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் இரண்டுமே காது வழியாகத்தான் வர வேண்டும். அங்கே ஒன்று அடிபடும். பருப்பு குழைந்துபோன நாட்களை யோசித்துப் பாருங்கள்.

போன்தான் பிரச்சினை என்று தெரிகிறது. தூக்கிப் போடவும் முடியாது. என்ன செய்வது?

தூக்கிப் போடச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வங்கி, பள்ளிக்கூடம், உறவு எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் செய்கிறதைச் சொல்கிறேன், வேலைக்கு ஆகுமா பாருங்கள்.

முதலில் தூரம். 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். போனைச் சத்தமில்லாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட, அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் கணக்கு, நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அனுபவத்தில் அடுத்த அறை வேலை செய்கிறது. படிப்பகத்தில் அரிசி டிரம் ஒன்று காலியாகக் கிடந்தது. உள்ளே வரும்போது போனை அதில் வைத்துவிட வேண்டும் என்று வைத்தோம். முதல் வாரம் டிரம்முக்குள்ளிருந்து ரிங்டோன் கச்சேரி நடந்தது. பிறகு பிள்ளைகளே அணைத்து வைக்கப் பழகினார்கள்.

அடுத்தது, நோட்டிபிகேஷன். மனிதர்கள் கூப்பிட்டால் மணி அடிக்கட்டும், செயலிகள் கூப்பிட்டால் அடிக்க வேண்டாம். அமைப்புகளில் போய் ஒவ்வொன்றாக நிறுத்த அரை மணி நேரம் ஆகும். ஒருமுறை செய்தால் போதும்.

மூன்றாவது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் டெல்டாவில் பாதிப் பேர் மேட்டூர் நீர்மட்டத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறார்கள். என் சித்தப்பா பார்ப்பார். முழு நீர்மட்டம் 120 அடி, இப்போது எத்தனை, நீர்வரத்து எத்தனை கன அடி, கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எவ்வளவு என்று. கவலை நியாயம்தான், அவருக்கு எட்டு மா நிலம் கடைமடையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்ப்பதால் அணை ஏறாது. காலையில் ஒருமுறை பார்த்தால் அன்றைக்கு முடிவெடுக்க வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். "சித்தப்பா, அடுத்தது நாளைக்குக் காலைல" என்று சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது மூன்று தடவைக்கு வந்திருக்கிறார்.

சுவாமிமலையில் சிலை செய்கிறவர்கள் மணிக்கணக்கில் ஒரே வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது பிறவிக் குணமா?

இதை நானும் நினைத்திருக்கிறேன். ஒரு பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

சிலை முதலில் மெழுகில் உருவாகிறது. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய் கலந்த மெழுகு. அளவுக்குத் தென்னை ஓலைக் கீற்று, அதை மடித்து மடித்துத் தாளக் கணக்கு, அதாவது சிலையின் உறுப்புகளுக்கான அளவுக் கணக்கு, எடுக்கிறார்கள். பெரியவர் ஒருவர் அம்மன் கைவிரல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குண்டானில் தண்ணீர். மெழுகைத் தண்ணீரில் தொட்டு, உருட்டி, சூடான கம்பியால் ஒரு தொடு தொட்டு ஒட்டுவார். வேலை நடக்கும்போதே பேரனோடு பேசினார், விலை கேட்டு வந்தவருக்குப் பதில் சொன்னார், ரேடியோவில் வந்த செய்திக்கு ஒரு கருத்தும் சொன்னார். தலை நிமிரவில்லை, அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த தவக்கோலம் எதுவும் இல்லை.

மறுநாள் வார்ப்பு. காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்த அச்சை வறட்டி நெருப்பில் சுட்டு, உள்ளேயிருந்த மெழுகை உருக்கி வெளியேற்றியிருந்தார்கள். இப்போது அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். நூல் மாதிரி, அறுபடாமல். நடுவில் நின்றால் முன்னால் விழுந்தது இறுகிவிடும், சாமிக்கு ஒரு கை இல்லாமல் போகும். அந்தச் சில நிமிஷம் பட்டறையில் ஒரு சத்தம் இல்லை. ரேடியோவை யாரோ முன்னமே நிறுத்தியிருந்தார்கள். பேரனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியவர் புருவத்தால் மட்டும் சைகை காட்டினார். ஊற்றி முடித்ததும் முதலில் கேட்ட வார்த்தை "டீ சொல்லுடா."

அங்கே எனக்குப் புரிந்தது இதுதான். அவர்கள் எட்டு மணி நேரமும் ஒரே அழுத்தத்தில் கவனம் வைக்கவில்லை. விரல் வேலைக்கு ஒரு அளவு, ஊற்றுவதற்கு ஒரு அளவு. எந்த வேலைக்கு எது என்று பட்டறைக்கே தெரிந்திருக்கிறது. கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, அடுத்து என்ன என்பதில் குழப்பமில்லை, தப்பு செய்தால் மெழுகே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாம் மேசையில் உட்கார்ந்து 'எதை முதலில் எடுப்பது' என்று யோசிப்பதிலேயே பாதியைச் செலவழிக்கிறோம்.

அப்படியானால் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கவனம் நிற்கும்?

வேலையைப் பொறுத்தது. நார்மன் மாக்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1948-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். ரேடார் திரையைக் காவல் காக்கும் விமானப்படைக்காரர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று பார்க்க, ஒரு கடிகார முள்ளை ஓடவிட்டு, அது எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும்போது சொல்ல வேண்டும் என்று வைத்தார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறுகள் ஏறிவிட்டன. சலிப்பான காவல் வேலைக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். விருப்பமான வேலைக்கு இரண்டு மணி நேரமும் போவது தெரியாது.

1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிஷம் படிப்பு, சிறு ஓய்வு என்று ஒரு முறையை ஏற்படுத்தினார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமொடோரோ என்று பெயர், முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது. எங்கள் படிப்பகத்தில் 40 நிமிஷம். 25-இல் சூடு பிடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஓய்வில் போன் கிடையாது, முற்றத்தில் நடக்கலாம்.

அப்புறம், மனிதனின் கவனம் எட்டு நொடியாகிவிட்டது, தங்கமீனைவிடக் குறைவு என்று ஒரு பார்வர்டு சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

குரூப் 4-க்குப் படிக்கிறேன். புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் கண் மட்டும் ஓடுகிறது, ஒன்றும் ஏறவில்லை.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. அங்கே வேண்டிய கவனம் ஒரு மாதிரி, வீட்டில் படிக்க வேண்டியது வேறு மாதிரி. இரண்டையும் தனித்தனியாகப் பழகுங்கள். வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு, மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல், விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவது உட்பட.

படிக்கும்போது கண் மட்டும் ஓடுகிறது என்றால், படிப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். மூடிவிட்டு, இப்போது படித்ததில் ஞாபகம் இருப்பதைத் தாளில் எழுதுங்கள். ஒன்றும் வராது, எரிச்சல் வரும். பிறகு திறந்து பாருங்கள், இந்தத் தடவை கண் தானாகவே தேடும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி நினைவுகூர்ந்து பார்ப்பது நெடுநாள் நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, 'நாளையிலிருந்து நன்றாகப் படிப்பேன்' என்று தீர்மானம் போடாதீர்கள். 'சாயங்காலம் விளக்கேற்றியதும் திண்ணையில் உட்கார்ந்து இந்திய அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் பகுதியை எடுப்பேன்' என்று போடுங்கள். எப்போது, எங்கே, எது மூன்றும் இருக்க வேண்டும். விளக்கு ஏற்றுவதை வீட்டில் யாராவது மறக்காமல் செய்வார்கள், உங்கள் படிப்பு அதில் தொற்றிக்கொண்டு வந்துவிடும்.

பைக்கில் போகும்போது ஹெட்செட்டில்தானே பேசுகிறேன், கை இரண்டும் ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது. அதில் என்ன?

கை ஹேண்டில்பாரில் இருக்கிறது, நினைப்பு பேச்சில் இருக்கிறது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுபவரின் கவனம் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குறைகிறது என்று ஓட்டுநர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகள் சொல்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடிக்கு 33 மீட்டர் ஓடிவிடும். நம் சாலைகளில் அந்த 33 மீட்டருக்குள் காயப்போட்ட நெல் இருக்கும், அதன்மேல் அடையாளத்துக்கு வைத்த கல் இருக்கும், திடீரென்று வயலிலிருந்து ஏறும் அறுவடை இயந்திரம் இருக்கும். ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

காபி குடித்தால் கவனம் வருமா? கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வரும், கொஞ்ச நேரத்துக்கு. குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணி டிகிரி காபி ராத்திரி பதினொன்றுக்கும் பாதி உள்ளே இருக்கும். காலையில் இரண்டு டம்ளர், மூன்று மணிக்குள் கடைசி டம்ளர் என்று நான் வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் இந்தச் சட்டம் செல்லாது.

தூக்கத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டலாமா?

டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு கணக்குக் காட்டினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். காலை நான்குக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பதோடு 17 மணி நேரம் முடிந்துவிடும். அறுவடை நாட்களில் ராவெல்லாம் இயந்திரம் ஓட்டுகிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. விடிய விடியப் படித்தேன் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்வேன்.

என் பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். அடித்தாலும் பயனில்லை.

அடிக்காதீர்கள். எட்டு வயதுப் பையன் உட்கார மாட்டான், அது வயசு. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும், பிடித்த வேலையிலும்கூட, பல மாதங்களாக ஒன்றையும் முடிக்க முடியவில்லை, பொருளைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறான், முறைக்குக் காத்திருக்க முடியவில்லை என்றால் அது சோம்பலோ திமிரோ இல்லாமல் இருக்கலாம். கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரரோ நானோ இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) கூப்பிட்டு முதலில் பேசலாம், கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கும் இந்தக் குறைபாடு இருக்கலாம். இத்தனை வருஷம் 'ஏனோதானோ' என்று பெயர் வாங்கியவர் ஒருவர் நாற்பது வயதில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் அழுதார், நிம்மதியில்.

அறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்துவிடுகிறது. வயசாகிவிட்டதா?

எனக்கும் நடக்கிறது, என் மகளுக்கும் நடக்கிறது. எழுந்து போகும்போதே "சாவி எடுக்கப் போறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சாவி கிடைக்கும். பழகிய தெருவில் வழி தெரியாமல் போவது, அடுப்பை அணைக்க அடிக்கடி மறப்பது மாதிரி இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் பழைய நூல்களில் இதைப் பற்றி ஏதாவது உண்டா?

திருக்குறளில் 54-ஆம் அதிகாரமே இதுதான், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் கவனப் பிசகால் வரும் மறதி. எடுத்த எடுப்பில் வள்ளுவர் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். அளவு கடந்த கோபத்தைவிட, அளவு கடந்த மகிழ்ச்சியில் வரும் சோர்வு கெடுதல் என்கிறார். மேட்டூர் நிரம்பிய வருஷத்தில்தான் வாய்க்கால் தூர்வார மறப்போம். என் நாற்றங்காலும் ஒரு கிரிக்கெட் வெற்றியின் சந்தோஷத்தில்தான் மிதந்தது.

ஆடி மாசம். தெருமுனையில் அம்மன் கோயில், நாலு பக்கமும் குழாய் ரேடியோ. எப்படிப் படிப்பது?

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போனால் படிப்பும் போகும், கூழும் கிடைக்காது. விழாக்குழுவில் யாராவது ஒருவர் வீட்டிலும் பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கும். அந்த வீட்டு அம்மாவிடம் பேசுங்கள்.

பாட்டில் வார்த்தை இருப்பதுதான் படிப்புக்குத் தொந்தரவு, அது நாம் படிக்கும் வார்த்தையோடு மோதுகிறது. எங்கள் படிப்பகத்தில் ஆடி மாசம் சாயங்காலம் கணக்கு, வரைபடம், மாதிரி வினாக்கள் மட்டும். வரலாறும் தமிழும் காலை ஐந்து மணிக்கு. போன வருஷம் ஐந்தரைக்கே பாட்டுப் போட ஆரம்பித்தார்கள். நாலரைக்கு மாற்றிக்கொண்டோம். திருவிழா முடிந்த பிறகும் பிள்ளைகள் நாலரைக்கே வந்தார்கள், சாவி என்னிடம் இருப்பதால் எனக்குத்தான் தூக்கம் போயிற்று.